வல்லூறுக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும்

மனிதர்களைச் சிரிக்கவிடாமல் வைத்திருப்பதுதான் ஸ்டூடியோக்காரரின் பிழைப்பு. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்களை வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வைப்பார். "நேரா பாருங்க. மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க. காதை மறைக்கிற முடியை ஒதுக்குங்க. பல்லு தெரியுது, மூடிக்குங்க." இதையே பல வருஷம் சொல்லிப் பழகி, வீட்டில் யாராவது சிரித்தால்கூட அவர் கை தானாக எழும்பித் தடுக்கும். "எங்க குடும்ப ஆல்பத்தைப் பாருங்க," என்பாள் அவர் மனைவி. "கைக்குழந்தை உட்பட எல்லாரும் எல்லை தாண்டத் தயாரா இருக்கோம்."

மனைவி துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவள். ஸ்டூடியோவின் முன்பாதியில் வெட்டுத்துணி விற்கிறாள். விலை படியவில்லை என்று கோபித்துக்கொண்டு படியிறங்கும் ஆள் நிஜமாகவே போகிறாரா, கூப்பிடட்டும் என்று போகிறாரா என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஸ்கோப் வந்ததும் அவளால்தான். மூடப்போகும் ஒரு பழைய ஸ்டூடியோவின் விளக்கு, குடை, திரை எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி முடித்துவிட்டு, வாசற்படியில் நின்று, "கொசுறு எதுவும் இல்லையா?" என்று கேட்டாள். அதைக் கேட்காமல் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு தடித்த குழாயை மூன்று கால் ஸ்டாண்டோடு தூக்கிக் கொடுத்தார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. தெருக்கோடியில் உட்கார்ந்திருக்கும் பறவையை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப்.

ஸ்டூடியோவின் மொட்டைமாடியில் நின்றால் எதிரே, மூடிக்கிடக்கும் மாவுமில்லின் கோபுரம் தெரியும். தானியம் கொட்டிவைக்கக் கட்டிய உயரமான சிமெண்ட் உருளை அது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு விளிம்பு. மில்லை மூடிய செய்தி புறாக்களுக்குப் போய்ச் சேரவில்லை. பழைய ஞாபகத்தில் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தன. புறாக்களை நம்பி ஒரு வல்லூறு ஜோடி அந்த விளிம்பில் குடியேறியது.

ஸ்டூடியோக்காரர் ஒரு மருந்து டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, அதை போனின் உறையில் ஒட்டி, ஸ்கோப்பின் கண்பக்கம் செருகினார். குழாய் பார்ப்பதை போனும் பார்த்தது. கையால் தொட்டால் படம் நடுங்கும். போனைத் தொடாமல், அதில் மாட்டிய இயர்போனின் பொத்தானை அமுக்கி எடுத்தார். லாரி போனால் நடுங்கும்; போகும்வரை காத்திருந்தார். வெயில் ஏறினால் காற்றுக் கொதித்து வல்லூறு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். அதனால் கடை திறக்கும் முன்னாலேயே மாடியேறினார். முட்டை, அடைகாக்கும் தாய், பிறகு பஞ்சு உருண்டைபோல மூன்று குஞ்சுகள். நேராகப் பாரு என்று சொன்னாலும் கேட்காத வாடிக்கையாளர் அவருக்கு வாய்த்தது அதுதான் முதல்முறை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, கட்டடம் இடிக்கும் காண்டிராக்டர். மில்லின் வாசலில் அவனுடைய மஞ்சள் மெஷின் வந்து நின்றது. கோபுரத்தை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் வரப்போகிறதாம்.

"மேல குஞ்சு இருக்கு மாப்பிள்ளை," என்றார் ஸ்டூடியோக்காரர். "இன்னும் றெக்கை முளைக்கல. பறக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ."

"எனக்கென்ன மாமா ஆசையா? சட்டப்படி கூடு இருந்தா நானே கை வைக்க மாட்டேன். பருந்து ஆபீஸ்ல இருப்புச் சான்று ஒண்ணு வாங்கிட்டு வாங்க. நிறுத்திடறேன்."

"இதோ ஸ்கோப். நீயே பாரேன்."

மச்சினன் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். கொஞ்ச நேரம் எழவே இல்லை. "இருக்கு மாமா. நல்லாவே இருக்கு. ஆனா நான் பார்த்தது செல்லாது. பறவை இல்லைன்னு சான்று கேட்டு நான் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேன். அது என் கைக்கு வந்துட்டா, அப்புறம் நான் பார்த்ததும் இல்லை, நீங்க காட்டினதும் இல்லை."

பருந்து ஆபீஸ் என்று ஊர் சொல்லும் இடத்தின் முழுப்பெயர், வேட்டைப் பறவைகள் இருப்பு மற்றும் இன்மைச் சான்று வாரியம். அதைத் தொடங்கிய காலத்தில் திறப்பு விழா அவசரத்தில் விதி எழுத நேரமில்லை. எனவே பாஸ்போர்ட் அலுவலகத்தின் விதிகளை வாங்கிவந்து, 'விண்ணப்பதாரர்' என்று இருந்த இடங்களிலெல்லாம் 'பறவை' என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு திருத்தலாம் என்று நினைத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்து வந்தவர்கள் அதைப் பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த பருந்து ஒன்று நின்றது. ஒரு கண் உதிர்ந்து, அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தார்கள். தலையின் இரண்டு பக்கமும் பஞ்சில் செய்து ஒட்டிய காதுகள். அதன் புகைப்படம் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது. வாரியத்தின் வரலாற்றில் விதிப்படி தேறிய ஒரே படம் அதுதான்.

இருப்புப் பிரிவில் பரிசீலகர் ஒருவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் படத்தை நீட்டினார். ஸ்கோப் வழியாக எடுத்த படம் வட்டமாகத்தான் விழும், சுற்றிலும் கறுப்பு.

"இது ஏன் வட்டமா இருக்கு?"

"குழாய் வழியா எடுத்தது சார்."

"சாவித் துவாரம் வழியாவா? வேவு பாத்தியா?"

"இல்ல சார். பறவை ரொம்ப தூரம்..."

"படத்துக்கு நாலு மூலை வேணும். மூலையே இல்லாத இடத்துல நான் எங்கய்யா முத்திரை குத்தறது?"

ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு வந்து வட்டத்துக்குள் சதுரம் வெட்டினார். மறுமுறை போனார்.

"ஒரு கண்ணுதான் தெரியுது."

"பக்கவாட்டுல உட்கார்ந்திருக்கு சார். இன்னொரு கண்ணு அந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பக்கம் இருக்குன்னு நீ சொல்ற. படம் சொல்லலையே. ஒற்றைக்கண் பறவைகளுக்குத் தனிப்பிரிவு. அது இன்னும் அமைக்கப்படலை."

வல்லூறு நேராகத் திரும்பும் கணத்துக்காக அவர் விடியலிலேயே மாடியில் தவம் கிடந்தார். மனைவி தேநீரைக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்துவிட்டு, ஆறியதும் எடுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் அது தலையைத் திருப்பிக் குழாய்க்குள்ளேயே பார்த்தது. பழக்கதோஷத்தில், "அப்படியே இருங்க, அசையாதீங்க," என்று மரியாதையாகச் சொல்லிப் பொத்தானை அமுக்கினார்.

பரிசீலகர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோபமா இருக்கே."

"அதோட முகமே அப்படித்தான் சார்."

"முகபாவம் இயல்பா இருக்கணும்."

"அதுக்கு இயல்பே கோபம் சார்."

"அப்ப அந்த இயல்பு விதிக்குள்ள வராது. பின்னணியும் நீலம். வெள்ளை வேணும். காதும் தெரியல. இரண்டு காதும் தெரியணும்."

"வல்லூறுக்கு வெளியில காது கிடையாது சார். இறகுக்குள்ள ஓட்டைதான்."

பரிசீலகர் வரவேற்பறைப் பக்கம் கை காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சுக் காதுகள் இரண்டும் விறைப்பாக நின்றன. "அதுக்கு மட்டும் எப்படி இருக்கு?"

ஸ்டூடியோக்காரருக்குத் தன் குரலே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. எத்தனை பேரை இப்படி முடி ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். பிறவியிலேயே முகம் சுளித்திருந்த ஒரு கிழவரை இயல்பாக இருக்கச் சொல்லி ஒரு மதியம் முழுக்க உட்கார வைத்தது ஞாபகத்துக்கு வந்தது.

"சரி, காதை அப்புறம் பாத்துக்கலாம்," என்று பரிசீலகர் இறங்கிவந்தார். "படத்துல இருக்கறது இந்தப் பறவைதான்னு, அதை நீண்டகாலமா நெருங்கி அறிஞ்ச ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். குடும்பத்தார் கூடாது."

"நெருங்கி அறிஞ்சவங்க எல்லாம் புறாங்க சார். அதுங்களை அது சாப்பிட்டுடுச்சு."

"அது உன் பிரச்சினை. கடைசியா ஒண்ணு. இது நீயா எடுத்த படம். தனி ஆள் எடுத்த படத்தை வாரியம் நம்பறதில்லை. வாரியமே எடுத்தாத்தான் செல்லும்."

"அப்ப வாரியமே வந்து எடுங்க சார்."

"பறவை இருக்குன்னு தெரியாம நாங்க எப்படி வர்றது?"

ஸ்டூடியோக்காரர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். மனைவி கடையைப் பூட்டிவிட்டு அவரைத் தேடி வந்திருந்தாள். "குஞ்சுங்களுக்கு இப்பத்தான் பஞ்சு உதிர்ந்து றெக்கை தெரியுது," என்றார். "உன் தம்பிக்குச் சான்று நாளைக்கு வந்துடுமாம். ஒரு கையெழுத்துதான் பாக்கி."

"அவனுக்கு மட்டும் எப்படிங்க இவ்வளவு சீக்கிரம்?"

"இல்லைங்கறதுக்கு என்ன சாட்சி வேணும்? கண்ணை மூடிட்டு குத்திடுவாங்க."

அவள் சுவரில் மாட்டியிருந்த விதிப்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மட்டமான துணியை உசத்தி என்று சொல்லி விற்க வருகிறவனைப் பார்க்கும் பார்வை அது. கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். எந்தச் சான்றுக்கும் மேற்கண்டவாறு படம் அவசியம் என்று இருந்தது. "நாளைக்கு அவங்க குறைகேட்பு நாள்தானே?" என்றாள். "நீங்க வர வேண்டாம். உங்களுக்கு விட்டுக்கொடுக்கற மூஞ்சி."

ஆனாலும் அவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

குறைகேட்பு நாளில் வாரியத்தின் இயக்குநர் முதலில் பேசுவார். பேசி முடிக்கும்போது நேரமும் முடிந்துவிடும் என்பதால் குறைகள் எப்போதும் குறைவாகவே பதிவாகும். அன்றும் பேசினார்.

"இருப்பதை இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு வாரியம் தேவையா எனச் சிலர் கேட்கிறார்கள். இருப்பதை இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆகவே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. நாங்கள் சொல்லத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்துக்குத்தான் மதிப்பு. இதுநாள்வரை ஒரே ஒரு பொய்ப் பறவைக்குக்கூட இந்த வாரியம் சான்று அளித்ததில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். மெய்ப் பறவைக்கும் அளித்ததில்லையே என்று கேட்பீர்கள். பாரபட்சமின்மை என்பது அதுதான்."

கைதட்டல் அடங்கியதும் மனைவி எழுந்து மேடையேறினாள். முன்வரிசையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இன்மைச் சான்று இயக்குநரின் மேசையில், கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரரோட மனுவை வாபஸ் வாங்க வந்தேன் சார்," என்றாள் அவள். "உங்க விதி ரொம்பக் கறார். எங்களுக்குக் கட்டுப்படி ஆகல. பறவை இல்லைன்னே வெச்சுக்குங்க."

கடைசி வரிசையில் ஸ்டூடியோக்காரர் பாதி எழுந்துவிட்டார்.

"விவேகமான முடிவு," என்றார் இயக்குநர்.

"கறாரா இருக்கறது நல்லதுதான் சார். ஊர்லதான் ஒரு மாதிரி பேசறாங்க. இருக்குங்கறவனுக்குத்தான் காது, மூக்குன்னு இவ்வளவு விதி. இல்லைங்கறவன் சும்மா கைவீசிட்டு வந்து வாங்கிட்டுப் போறான்னு. நான் அப்படியெல்லாம் இருக்காதுன்னுதான் சொன்னேன். சரி, நமக்கெதுக்கு. வரேன் சார்."

அவள் மேடையிலிருந்து படியிறங்கினாள். மெதுவாக. அந்த முதுகைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த மண்டபத்தில் மச்சினன் ஒருவன்தான். அதே வீட்டில் வளர்ந்தவன். "அக்கா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான்.

"நில்லுங்கள் அம்மா," என்றார் இயக்குநர். "யார் அப்படிப் பேசியது? இந்த வாரியத்தின் முன் இருப்பும் இன்மையும் சமம். விதி ஒன்றே."

அவள் திரும்பாமலே நின்றாள். "அப்ப இல்லைங்கறதுக்கும் படம் வேணுமா சார்?"

"கட்டாயம்."

"தனி ஆள் எடுத்த படம் செல்லாதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. இல்லைங்கற படத்துக்கு எப்படி?"

"அதையும் வாரியமே எடுக்கும்."

"பறவை இல்லாம, இடம் மட்டும் தெளிவா விழணும், இல்லையா சார்?"

"ஒரு இறகுகூட இல்லாமல்."

பலத்த கைதட்டல். இயக்குநர் மேசையில் கிடந்த சான்றை எடுத்து, எல்லோரும் பார்க்க, இரண்டாகக் கிழித்தார். பரிசீலகர் வாயிலிருந்து பேனா மூடி விழுந்தது.

வெளியே மச்சினன் அக்காவின் பின்னாலேயே வந்தான். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேக்கா."

"மண்ணு அப்புறம் போடலாம். முதல்ல சாப்பிட வா," என்றாள் அவள்.

அடுத்த வாரம் இன்மைப் பிரிவின் குழு ஸ்டூடியோவின் மாடிக்கு வந்தது. கோபுரத்தின் விளிம்பு வேறெங்கிருந்தும் சரியாகத் தெரியாது. வாரியத்துக்குச் சொந்தமான பெரிய கேமரா ஒன்று உண்டு. அதன் தொடக்க விழாவுக்கு நாள் குறிக்கப்படாததால் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எனவே ஸ்டூடியோக்காரரின் ஸ்கோப்பிலேயே எடுப்பது என்று தீர்மானித்தார்கள். கொசுறாக வந்ததை அவர் கொசுறாகவே கொடுத்தார்.

வானம் மூடி, வெள்ளை வெளேரென்று இருந்தது. குழுத்தலைவர் குனிந்து பொத்தானை அமுக்கினார். விளிம்பின் நடுவில், நேராகப் பார்த்தபடி, இரண்டு கண்ணும் தெரிய, சாப்பிட்ட திருப்தியில் சாந்தமான முகத்தோடு, வெள்ளைப் பின்னணியில் தாய் வல்லூறு. ஸ்டூடியோக்காரர் அத்தனை நாள் காத்துக்கிடந்த படம்.

"கெட்டுப்போச்சு," என்றார் குழுத்தலைவர்.

கீழே ஸ்டூடியோவில் அச்சிட்ட படத்தின் பின்னால், 'பறவை காணப்படுவதால் நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி, வாரியத்தின் முத்திரை குத்தப்பட்டது. ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தைத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு இருப்புப் பிரிவுக்கு ஓடினார்.

"சார், வாரியமே எடுத்தது. வாரியமே எழுதியிருக்கு, பறவை காணப்படுதுன்னு. முத்திரையும் இருக்கு."

பரிசீலகர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்மைப் பிரிவு முத்திரை."

"பறவை ஒண்ணுதானே சார்?"

"அங்க இருக்கற பறவை இங்க செல்லாதுய்யா. ரெண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

முதல்தடவையாக ஸ்டூடியோக்காரர் அதைக் கேட்டு வருத்தப்படவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துணி அளந்துகொண்டே, "அவங்க படம் எடுத்துட்டே இருக்கட்டும்," என்றாள். "கேமராவுக்குக் குறுக்க வந்து நிக்கறதுதானே அதுங்களுக்கு வேலை."

குழு தினமும் வந்தது. தாய் போனால் தந்தை வந்து உட்கார்ந்தது. இரண்டும் போனால் குஞ்சு எட்டிப் பார்த்தது. ஒருநாள் விளிம்பு முழுதும் காலியாகக் கிடக்க, குழுத்தலைவர் ஆனந்தத்தில் அமுக்கினார். பெரிதாக்கிப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு வால். வால் மட்டும் இருந்தால் அது முழுப்பறவையா, பகுதிப்பறவையா என்று தனியாகக் கூட்டம் போட்டார்கள்.

பொறுமையிழந்த வாரியம், படமெடுக்கும் நேரத்தில் விளிம்பை விட்டு விலகியிருக்கும்படி வல்லூறுக்கு நோட்டீஸ் அனுப்ப முடிவு செய்தது. ஆனால் சான்று பெறாத பறவைக்கு வாரியம் கடிதம் எழுத வழியில்லை. யோசித்து, 'பெறுநர்: மாவுமில் கோபுர விளிம்பில் இல்லாத வல்லூறு' என்று விலாசமிட்டு மில்லின் கதவில் ஒட்டினார்கள். மறுநாள் அதன்மேல் ஒரு புறாவின் இறக்கை கிடந்தது. மேல்முறையீடாக இருக்குமோ என்று அதை உறையிலிட்டு எடுத்துப்போனார்கள்.

கடைசியில் இயக்குநரே மாடியேறி வந்தார். மில் முதலாளி தினமும் போன் செய்கிறாராம். முக்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, குழாயோடு ஒட்டிக்கொண்டார். குஞ்சுகள் இப்போது குஞ்சுகளாக இல்லை. விளிம்பில் நின்று இறக்கையை விரித்து விசிறிக்கொண்டே இருந்தன.

"என்ன பண்ணுது இதுங்க?" மேடைத்தமிழ் மாடிப்படியிலேயே நின்றுவிட்டிருந்தது.

"பழகுது சார்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

இயக்குநர் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. மறுநாளும் வந்தார். அவர் குழாயை விட்டு எழாததால் குழுத்தலைவருக்குப் படமெடுக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. மச்சினனும் மேலே வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கீழே அவனுடைய மெஷின் தயாராக இருந்தது. விளிம்பு காலி என்று ஒரு படம் விழுந்தால் போதும், அன்றைக்கே கோபுரம் தரையில் இருக்கும்.

முதல் குஞ்சு காலையிலேயே பறந்துவிட்டது. இரண்டாவது, தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடத்தின் ஆண்டெனாவில் போய்த் தொத்திக்கொண்டது. மூன்றாவது விளிம்பின் ஓரத்துக்கு வரும், கீழே பார்க்கும், திரும்பி உள்ளே போய்விடும்.

"இது ஒண்ணுதான் இடைஞ்சல்," என்றார் இயக்குநர், கண்ணை எடுக்காமல். "போயேம்ப்பா."

மாடியில் நின்ற எல்லோரும், ஆளுக்கொரு காரணத்துக்காக, அது பறக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது மறுபடி ஓரத்துக்கு வந்தது. குனிந்தது. விழுந்தது.

குழாயின் வட்டத்தில் வெறும் சிமெண்ட்தான் இருந்தது. "காலி," என்று குழுத்தலைவர் இயக்குநரை ஒதுக்கிவிட்டு, போனைச் செருகிப் பொத்தானை அமுக்கினார். ஸ்டூடியோக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரோரம் எட்டி, வெறுங்கண்ணால் தெருவைத் தேடினார். கடைகளின் கூரைகளுக்குக் கொஞ்சம் மேலே அது தட்டுத்தடுமாறி, பிறகு யாரோ கீழிருந்து தூக்கிவிட்டதுபோல் மேலெழும்பி, மெஷினின் நீட்டிய கையைத் தாண்டிப் போனது.

"போயிடுச்சு மாமா," என்றான் மச்சினன். அவன் குரலில் இருந்தது என்னவென்று அவனுக்கே தெரிந்திருக்காது. அடுத்த கணமே போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டான்.

இன்மைப் படம் ஒரே தடவையில் தேறியது. முகபாவத்தில் கோபம் இல்லை. பின்னணி வெள்ளை. காதுகள் இரண்டும், இல்லாத இடத்தில், எதனாலும் மறைக்கப்படாமல் இருந்தன. அதைச் சட்டமிட்டு, பாடம் செய்த பருந்தின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அந்த விழாவில் இயக்குநர் சொன்னார்: "பறவைகளைக் காப்பாற்றுவது பற்றிப் பலர் பேசுகிறார்கள். அவை இல்லாத இடத்தை இவ்வளவு பொறுமையுடன் காத்தவர்கள் எங்களைத் தவிர யாருமில்லை."

கோபுரம் போய், அங்கே கார்கள் நின்றன. ஸ்டூடியோக்காரர் ஸ்கோப்பைத் துணிபோட்டு மூடிவைத்தார்.

அடுத்த பருவத்தில் ஒரு காலை, கடை திறக்கும் முன்னால் இயக்குநர் வாசலில் நின்றார். தோளில் ஒரு புறா இறகு.

"அதுங்க திரும்பி வந்துடுச்சு," என்றார். "கோபுரம் இல்லைன்னதும் நம்ம ஆபீஸ் கட்டடத்துக்கு வந்துடுச்சு. என் ஜன்னலுக்கு நேர்மேல. காரைத் திறந்தா புறாத் தலை. ஃபைலைத் திறந்தா புறாக் கால். விருந்தாளி வந்தா வாசலுக்குக் குடை பிடிக்க வேண்டியிருக்கு."

"கூட்டை அகற்றச் சொல்லுங்களேன் சார்."

"அதுக்கு மேலிடத்துல உத்தரவு வாங்கணும். இருக்கற பறவையைத்தான் அகற்ற முடியுமாம். இருக்குன்னு எங்க வாரியமே முதல்ல சான்று குடுக்கணும். ஆபீஸ்ல எவனுக்கும் படம் எடுக்க வரல. நீங்க உங்க குழாயை எடுத்துட்டு வாங்க. வாரியத்துக்காக எடுத்ததா கணக்குல வெச்சுக்கறேன்."

ஸ்டூடியோக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் துணியை மடித்துக்கொண்டே தலையசைத்தாள். ஸ்கோப் வாரியத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு மாடிக்குப் போனது. மனைவி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தாள். அவர் நிதானமாகக் கால்களை விரித்து, மட்டம் பார்த்து, குவியத்தைத் திருகினார். தாய் வல்லூறு வாரியத்தின் பெயர்ப்பலகைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. மார்புக்கு அடியில் முட்டைகள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பழைய வாடிக்கையாளர்.

"எடுத்தாச்சா?" என்றார் கூடவே மாடியேறி வந்திருந்த இயக்குநர்.

"கோபமா இருக்கு சார்."

"பரவாயில்லை, எடுங்க."

"பின்னணி நீலமா இருக்கு. மேகம் வரட்டும். அப்புறம், காது தெரியல. இரண்டு காதும் தெரியணுமே சார்."

"வல்லூறுக்கு ஏதுய்யா காது?"

"நானும் போன வருஷம் அதைத்தான் சார் கேட்டேன்."

இயக்குநர் உதவிக்கு மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் இறங்கிப் போவதற்காகப் படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்தாள். இந்தத் தடவை அது நிஜமாகவே போகிற முதுகு.

"இல்லைன்னு வேணா ஒரு சான்று எழுதிக்குங்க சார்," என்றாள். "அதுக்கு நல்ல படம் கிடைக்கும். குஞ்சு பறந்துட்டதும் வந்து எடுத்துத் தரச் சொல்றேன்."